அம்மா அருகில் இல்லாத சாப்பாடு

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் மதிய உணவு காலை ஏழு மணிக்குள் தயாராகி, பன்னிரண்டரை மணிவாக்கில் திறக்கப்படுகிறது. திறப்பது நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தை. ஊட்டிவிட ஆள் இல்லை, சூடுபடுத்த வழியில்லை, பக்கத்தில் பேசிச் சிரிக்கப் பத்துப் பேர் உண்டு. கை கழுவி, மூடி திறந்து, சாப்பிட்டு முடிக்கப் பல பள்ளிகளில் அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். வீட்டில் தட்டில் போட்டுக் கொடுக்கும் சாப்பாட்டுக்குப் போடும் கணக்கு இந்தச் சூழலுக்குப் பொருந்தாது. டப்பாவுக்குள் எவ்வளவு சத்து போகிறது என்பதைவிட, அந்த அரை மணி நேரத்தில் குழந்தை தானாக எடுத்துச் சாப்பிடக்கூடியது எவ்வளவு என்பதே முதலில் பார்க்கவேண்டியது. உள்ளே என்ன வைப்பது, எப்படி வைப்பது என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கி, 1956-ல் காமராஜரால் மாநிலமெங்கும் விரிந்து, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக உருவெடுத்த மதிய உணவு இன்றும் பரிமாறப்படுகிறது. 1989-ல் அதில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் வந்தது. டிபன் பாக்ஸ் சுமப்பது பெரும்பாலும் தனியார் மழலையர், தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். காசு கொடுத்துப் படிக்கும் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டில் குறை இருக்காது என்று எண்ணத் தோன்றும். டப்பாக்களைத் திறந்து பார்த்தால் அப்படித் தெரிவதில்லை.

எவ்வளவு போதும்

அளவுகோல் ஒன்று ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கப் பள்ளிக் குழந்தையின் மதிய உணவில் 450 கலோரி ஆற்றலும் 12 கிராம் புரதமும் இருக்கவேண்டும் என்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,360 கலோரியும் 16 கிராம் புரதமும் வேண்டும். 7 முதல் 9 வயதுக்கு 1,700 கலோரியும் 23 கிராம் புரதமும் வேண்டும். சின்னக் குழந்தைக்கு அன்றைய ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை மதியச் சாப்பாடு தந்தால் போதும். அதற்கு ஒரு கப் சோறும் அதையொட்டிய கொஞ்சம் பருப்பு, காய், எண்ணெயும் போதுமானவை. பெரியவர்களின் வயிற்றை மனத்தில் வைத்து அமுக்கி அமுக்கி நிரப்பிய டப்பா, குழந்தைக்குத் திறந்ததுமே மலைப்பைத் தருகிறது. கொஞ்சமாக வைத்து, முழுதும் சாப்பிட்ட திருப்தியோடு அது வீட்டுக்கு வரட்டும். மாலையில் இன்னொரு வேளை இருக்கிறது.

கலோரிக்குக் குறைவதில்லை, புரதத்துக்குத்தான் குறைகிறது. எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம், புளியோதரை என்று நாளுக்கொரு கலந்த சாதமும் கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் தமிழ் வீடுகளின் வழக்கமான டப்பா. வேகமாகச் செய்யலாம், ஒழுகாது, பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். ஆனால் ஒரு கப் சோற்றில் கிடைப்பது ஏறத்தாழ 4 கிராம் புரதம். உருளைக்கிழங்கு அதில் பெரிதாக எதையும் கூட்டாது. 12 கிராமில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத சாப்பாடு இது. அதே சோற்றோடு வறுவலுக்குப் பதில் அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு முட்டையோ போனால் இன்னும் 6 கிராம் சேரும். ஒரு சிறு கிண்ணம் தயிர் மீதிக் குறையை நிரப்பும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் செலவு அதிகமில்லை. முதல்நாள் இரவு கடலையை ஊறப்போடும் நினைப்புதான் வேண்டும்.

அரிசியும் பருப்பும் சேர்வதில் இன்னொரு நன்மை இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. சாம்பார் சாதமும் வெண்பொங்கலும் அடையும் இட்லியும் இந்தச் சேர்க்கையில் பிறந்தவை. இவற்றுள் டப்பாவுக்கு மிகப் பொருத்தமானது அடை என்று தயங்காமல் சொல்லலாம். அரிசியோடு துவரை, கடலை, உளுந்து என மூன்று பருப்பு அதில் சேர்கின்றன. முருங்கைக்கீரை, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் எல்லாம் மாவுக்குள்ளேயே போய்விடும். ஆறினாலும் சுவை குறையாது, கையில் பிடித்துக் கடிக்கலாம். அதே மாவு குழிப்பணியாரச் சட்டியில் போனால் ஒரு வாய்க்கு ஒன்றாக உருண்டு வரும். சாதத்தைக் குழைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்ற வழக்கத்திலிருந்து கொஞ்சம் விலகி, வாரத்தில் இரண்டு நாளாவது இப்படிக் கையில் எடுத்துச் சாப்பிடும் உணவு போவது நல்லது.

அடுத்த குறை இரும்புச்சத்து. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. முந்தைய ஆய்வில் இருந்ததைவிட இது அதிகம். எல்கேஜிக்குப் போகும் பிள்ளைகள் இந்தக் கணக்கிலிருந்துதான் பள்ளிக்குள் நுழைகிறார்கள். சோர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பாடத்தில் கவனமில்லை என்று திட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்கவேண்டும். கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றில் இரும்பு உண்டென்றாலும், தாவர உணவில் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் எடுத்துக்கொள்ளும் அளவு கூடும். ஆகவே சுண்டல் வைக்கும் நாளில் ஒரு துண்டு கொய்யாவோ நாலு சுளை ஆரஞ்சோ கூட வைப்பது வெறும் அலங்காரமில்லை. எலுமிச்சைச் சாதத்தில் அடுப்பை அணைத்த பிறகே சாறு பிழியும் பழக்கம் கசப்பைத் தவிர்ப்பதற்கு. சூட்டில் அழியும் வைட்டமின் சி கொஞ்சம் மிஞ்சுவதும் அதனால்தான். மாவைப் புளிக்கவைத்தால் இரும்பைப் பிணைத்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறையும். அந்த வகையில் இட்லியும் தோசையும் சாதத்துக்கு ஒரு படி மேல்.

சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகு: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். தினமும் பால் குடிக்க அடம்பிடிக்கும் குழந்தைக்குக் கேழ்வரகுப் புட்டு, இட்லி, இனிப்புக் கொழுக்கட்டை கைகொடுக்கும்.

ஆறிப்போகும் உணவு

சத்துக் கணக்கு சரியாக இருந்தாலும், ஐந்து மணி நேரத்தில் உணவுக்கு என்ன ஆகிறது என்பது தனிச் சங்கதி. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். தமிழ்நாட்டு வகுப்பறையில் ஒரு பையின் அடியில் கிடக்கும் டப்பா முழு நேரமும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒருவகை மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. இரவு வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் தாளித்துக் கொடுத்தனுப்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். டப்பாவுக்கான சோறு அன்று காலையில் வடித்ததாக இருக்கவேண்டும்.

கொதிக்கக் கொதிக்க உள்ள சாதத்தைச் சாதாரண டப்பாவில் போட்டு உடனே மூடுவது அதிகமாக நடக்கும் தவறு. ஆவி மூடியில் பட்டு நீராகி மேலே சொட்டும். உணவு மெதுவாக ஆறி, கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பில் வெகுநேரம் கிடக்கும். இரண்டு வழிகள் உண்டு. தட்டில் பரப்பி, மின்விசிறிக்கடியில் சூடு தணிந்த பின் டப்பாவில் அடைப்பது ஒன்று. சூடு காக்கும் டப்பா என்றால், முதலில் அதில் கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை நிரப்பி இறுக மூடுவது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

எது தாங்கும், எது தாங்காது என்பதை வீட்டுச் சமையல் நெடுங்காலமாக அறிந்துவைத்திருக்கிறது. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளியோதரை வழித்துணையாகப் போனது அதனால்தான். தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் நாறிவிடும். அதே இட்லிக்கு நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப் பொடி தடவினால் கவலையில்லை. பொடியில் எள்ளும் உளுந்தும் கடலைப்பருப்பும் இருப்பது கூடுதல் லாபம். குழந்தைகளுக்கு மிளகாயைக் குறைத்து அரைத்துக்கொள்ளலாம். தயிர்சாதத்துக்கு வீடுகளில் ஒரு நுட்பம் உண்டு. சோற்றை நன்றாக மசித்து, வெதுவெதுப்பான பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கலந்தால், பள்ளியில் திறக்கும்போது அது சரியாக உறைந்திருக்கும், புளித்திருக்காது. காலையில் கொஞ்சம் தளரவே இருக்கவேண்டும், இல்லையென்றால் மதியம் கட்டியாகிவிடும். மாதுளை முத்துகளோ துருவிய கேரட்டோ மேலே தூவினால் நிறமும் கூடும். தோசை ஆறினால் தோல்போல் இழுக்கும். கனமாக ஊற்றிய ஊத்தப்பம் அப்படி ஆகாது. சப்பாத்தி மாவை வெதுவெதுப்பான பாலில் பிசைந்து, முட்டைப் பொரியலையோ பட்டாணி மசியலையோ உள்ளே வைத்துச் சுருட்டினால் மதியம் வரை மெத்தென்று இருக்கும்.

பாத்திரத்தில் எவர்சில்வருக்கு நிகர் இல்லை. புளி, எலுமிச்சை சேர்ந்த சாதத்தை அலுமினியத் தாளில் சுற்றுவதும், சூடான உணவைச் சாதாரண பிளாஸ்டிக்கில் அடைப்பதும், பணியாரத்தைச் செய்தித்தாளில் பொதிவதும் தவிர்க்கவேண்டியவை.

கைக்கும் பல்லுக்கும்

பெரியவர்கள் மறந்துவிடும் ஒன்று, குழந்தையின் உடல். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் விழுந்து கிடக்கும். அப்போது முழு ஆப்பிளையோ காய்வெட்டான கொய்யாவையோ கடிக்கச் சொல்வது வீண். மெல்லிய துண்டாக நறுக்கினால்தான் அது சாப்பாடு. நறுக்கிய ஆப்பிள் நிறம் மாறாமலிருக்க இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுத் திராட்சையும் முழு வேர்க்கடலையும் மூச்சுக்குழலை அடைக்கும் அபாயம் உள்ளவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டவேண்டும். கடலையைப் பொடித்து, பொடியாகவோ துவையலாகவோ தரவேண்டும். கொண்டைக்கடலையையும் மழலையர் வகுப்புக் குழந்தைக்கு லேசாக மசித்துக் கொடுப்பதே நல்லது. அரட்டையும் சிரிப்புமாகச் சாப்பிடும் இடத்தில் இந்தக் கவனம் வீட்டில் இருப்பதைவிட ஒரு பங்கு கூடுதலாக வேண்டும்.

மூடி இன்னொரு தடை. ரசம் ஒழுகாமல் இருக்கவேண்டும் என்று வாங்கிய இறுக்கமான டப்பாவை நான்கு வயதுக் கை திறக்க முடியாமல், யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல், பசியோடு மூடியபடியே திருப்பிக் கொண்டுவரும் குழந்தைகள் இருக்கிறார்கள். டப்பா வாங்கும் கடையிலேயே குழந்தையின் கையில் கொடுத்துத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லவேண்டும். பள்ளி தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் வீட்டிலேயே ஒரு மதியச் சாப்பாட்டை டப்பாவிலிருந்து, தானாக, அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுப் பழகவைத்தால் எதில் தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும். அதுவரை ஊட்டியே பழக்கிய குழந்தைக்குப் பள்ளியின் முதல் மாதம் பட்டினியாகத்தான் கழியும். குழந்தை சாப்பிடவில்லை என்ற புகாரின் வேர் பல வீடுகளில் இந்த ஊட்டும் பழக்கத்தில் இருக்கிறது.

பிடிக்கும்படி வைப்பது

சாப்பாட்டைக் குழந்தைக்குப் பிடித்ததாக்க, பொம்மை வடிவங்களில் வெட்டிவைக்கும் காணொளிகள் இப்போது ஏராளம். ஜப்பானின் பெந்தோ டப்பாவிலிருந்து கிளம்பிய வழக்கம் இது. அங்கே மழலையர் பள்ளிக்கு அம்மாக்கள் சோற்றில் விலங்கு முகங்களும் கதைப் பாத்திரங்களும் செய்து அனுப்புகிறார்கள். அந்த அழகின் விலையையும் அங்கேயே பார்க்கலாம். அமெரிக்க மானுடவியலாளர் ஆன் அலிசன் 1991-ல் எழுதிய கட்டுரையில், அந்தச் சிறு டப்பா தாயின் உழைப்பையும் தகுதியையும் தினமும் பள்ளியின் பார்வைக்கு வைக்கும் கருவியாக இருப்பதை விளக்கினார். காலை நாலரைக்கு எழுந்து வேலைக்கும் கிளம்பவேண்டிய தமிழ்ப் பெண்ணின் தோளில் அந்தச் சுமையை ஏற்றவேண்டிய தேவையே இல்லை.

குழந்தைக்கு உற்சாகம் தருவது மிக எளிய விஷயங்கள். நிறம் ஒன்று: மஞ்சள் எலுமிச்சைச் சாதத்தில் பச்சைப் பட்டாணியும் சிவப்புக் கேரட்டும் கிடந்தால் கண்ணுக்கே சாப்பிடத் தோன்றும். வடிவம் ஒன்று: ஒரே மாவில் ஒருநாள் குட்டி இட்லி, இன்னொரு நாள் பணியாரம், மற்றொரு நாள் பீட்ரூட் கலந்த இளஞ்சிவப்பு ஊத்தப்பம். எல்லாவற்றையும்விடப் பெரியது, தான் தேர்ந்தெடுத்தது என்ற பெருமை. நாளைக்குக் கேரட் பொரியலா, பீன்ஸா என்று முதல்நாள் மாலையில் கேட்டு, பட்டாணி உரிக்கவும் பொடி தடவவும் விட்டால், மறுநாள் அந்தக் குழந்தையே தன் டப்பாவைத் தோழிகளிடம் காட்டிச் சாப்பிடும். இந்த வேலையில் அப்பாவுக்கும் பங்குண்டு. காய் நறுக்குவதும் இரவில் பயறு ஊறப்போடுவதும் எந்தத் தனித்திறமையையும் கேட்பவை அல்ல.

புதிய உணவை மறுப்பது இரண்டு முதல் ஆறு வயது வரை உச்சத்தில் இருக்கும் இயல்பு. அது பிடிவாதமோ கெட்ட பழக்கமோ இல்லை. அமெரிக்க உளவியலாளர் லியன் பர்ச் 1980-களில் தொடங்கி நடத்திய ஆய்வுகள், ஒரு உணவைத் திரும்பத் திரும்பச் சுவைக்கும் வாய்ப்புக் கிடைத்தாலே குழந்தைகளுக்கு அதில் விருப்பம் வளர்கிறது என்று காட்டின. அதற்குப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். இரண்டு முறை வைத்து, இரண்டு முறையும் திரும்பி வந்ததும் கைவிடுகிற அவரைக்காய்க்கு உரிய வாய்ப்பே கிடைத்திருக்காது. ஆனால் முதல் அறிமுகம் பள்ளியில் வேண்டாம். புதியதை வீட்டில் பலமுறை காட்டிவிட்டு, பிறகு டப்பாவில், பழகிய உணவின் ஓரத்தில் ஒரு கரண்டி வைக்கவேண்டும். அது தின்னாமல் வந்தாலும் குழந்தை பசியோடு இருக்காது.

ஊட்டச்சத்து நிபுணர் எல்லின் சாட்டர் வகுத்த ஒரு வேலைப் பங்கீடு உலகமெங்கும் குழந்தை மருத்துவர்களால் சொல்லப்படுகிறது: எதை, எப்போது, எங்கே தருவது என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. டப்பா காலியாக வரவேண்டும் என்ற கட்டளை நிலவும் வீடுகளில், திட்டுக்குப் பயந்து மீதியைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. அப்போது பெற்றோர் கையில் இருப்பது காலி டப்பாவும் பொய்யான நிம்மதியும்.

சின்ன டப்பாவும் பள்ளியும்

பெரிய டப்பாவில் காட்டும் அக்கறையைச் சின்ன ஸ்நாக்ஸ் டப்பா கெடுத்துவிடுகிறது. பத்தரை மணி இன்டர்வலில் கிரீம் பிஸ்கட்டும் சிப்ஸும் தின்ற குழந்தைக்குப் பன்னிரண்டரைக்குப் பசி வராது. சர்க்கரையும் மைதாவும் உப்பும் சேர்ந்த இவற்றின் இடத்தில் வாழைப்பழம், அவித்த சர்க்கரைவள்ளி, பொரி உருண்டை, எள்ளுருண்டை, வெள்ளரித் துண்டு என்று எத்தனையோ உண்டு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நல்ல தின்பண்டம்தான் என்றாலும், பல் விழும் வயதில் உதிர்த்துக் கொடுப்பதும், தின்றபின் வாய் கொப்பளிக்கச் சொல்வதும் அவசியம். பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் விதி வகுத்தது. அந்த விதியைத் தங்கள் வாசலில் நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

வீட்டால் மட்டும் முடியாதவை சில பள்ளியின் கையில் இருக்கின்றன. முட்டை, மீன், இறைச்சி கொண்டுவரக்கூடாது என்று சில தனியார் பள்ளிகள் வாய்மொழியாகவோ சுற்றறிக்கையாகவோ தடைபோடுகின்றன. முப்பதாண்டுகளுக்கு மேலாக அரசே பிள்ளைகளுக்கு முட்டை பரிமாறிவரும் மாநிலத்தில், ரத்தசோகை இவ்வளவு பரவிக்கிடக்கும் வயதில், மலிவான முழுப்புரதத்தைக் குழந்தையின் டப்பாவிலிருந்து நீக்கச் சொல்ல எந்தப் பள்ளிக்கும் நியாயம் இல்லை. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் தரும் சத்துணவுக் கூடங்களில் இரண்டு வகைப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

சாப்பாட்டு நேரம் அடுத்தது. கை கழுவும் வரிசைக்கே பத்து நிமிடம் போய்விடும் பள்ளியில், மழலையர் வகுப்புகளுக்கு முழுதாக முப்பது நிமிடம் உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கவேண்டும். சோப்பும் ஓடும் தண்ணீரும் குடிநீரும் அந்தத் தளத்திலேயே இருக்கவேண்டும். மூடி திறக்கவும், யாருக்கு எது ஒவ்வாது என்று தெரிந்து பகிர்தலைக் கவனிக்கவும் ஆயா ஒருவர் உடனிருக்கவேண்டும். சாப்பிட்டு மிஞ்சியதைக் கொட்டிக் கழுவி அனுப்பும் வழக்கத்தைப் பள்ளிகள் கைவிடலாம். மிச்சம் டப்பாவிலேயே திரும்பி வந்தால்தான், அளவு கூடியதா, காய் வேகாமல் போனதா, நேரம் போதவில்லையா என்று வீட்டில் கேட்டு அறிந்து, மறுநாள் காலைச் சமையலைத் திருத்திக்கொள்ள முடியும்.